"ரிப்பன் என்ன நிறம்?": ஒரு ரூட்மாஸ்டர் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

முன்பதிவுப் படிவத்தில் மொத்தமே ஐந்து கேள்விகள். தேதி, நேரம், எத்தனை பேர், எங்கே ஏறுவீர்கள், அப்புறம் ரிப்பன் என்ன நிறம். கடைசிக் கேள்விக்கு "வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நடக்கப்போவது முழுக்க அந்த ஐந்தாவது கேள்வியில்தான் இருந்தது. அது எனக்குப் புரிய, ஒரு மேட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டி வந்தது.

எங்கள் குழு அப்படி ஒன்றும் பெரிய அமைப்பு இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை சேர்ந்து எங்காவது போய்வரும் குடும்பங்கள், அவ்வளவுதான். அந்த வருடம் போக்குவரத்துப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொகுசு கோச் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. "பழைய சிவப்பு டபுள் டெக்கர் எடுத்தால் என்ன?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான்.

திட்டம் இதுதான். தெற்கு லண்டன் விளிம்பில் இருக்கும் பர்லியில் காலை 9 மணிக்கு ஏறுவது. ஏ22 சாலையில் தெற்கே போய், ஆஷ்டவுன் காட்டைத் தாண்டி ஷெஃபீல்ட் பார்க் ரயில் நிலையம். அங்கே புளூபெல் ரயில்வேயின் நீராவி ரயிலில் முற்பகலில் ஒரு சுற்று. மதியம் புல்வெளி. மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவது. பழைய பஸ், பழைய ரயில், இரண்டும் ஒரே நாளில். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

61 பேர் கிளம்பினோம். முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டோம்.

வந்த வண்டி

வந்தது 1960களில் கட்டிய ரூட்மாஸ்டர் என்ற லண்டன் டபுள் டெக்கர், 64 இருக்கை. மேலே 36, கீழே 28. இந்த வகை வண்டியை முதன்முதலில் 1954-இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். 1956 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் எண் தடத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் கட்டினார்கள். லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து 2005 டிசம்பர் 9 அன்று 159-ஆம் எண்ணோடு விடைபெற்றது. அப்புறம் தனியார் கைகளுக்குப் போன வண்டிகள் ஏராளம். அதனால்தான் பாதுகாத்து வைத்திருக்கும் பஸ்களிலேயே வாடகைக்குச் சுலபமாகக் கிடைப்பது இதுவாக இருக்கிறது.

தன் காலத்துக்கு இது ரொம்பவே முன்னேறிய வண்டி. தனி சேஸிஸ் கிடையாது. அலுமினிய உடலே தாங்குசட்டம். பவர் ஸ்டியரிங், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், தானியங்கி கியர் எல்லாம் 1950களிலேயே இதில் இருந்தன. வெறும் வண்டியின் எடை ஏழரை டன்னுக்குள்தான். ஏ.ஈ.சி. நிறுவனத்தின் அசல் என்ஜின் 9.6 லிட்டர், 115 குதிரைத்திறன். அந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், இன்று ஒரு சாதாரணக் குடும்பக் காரே அதைத் தரும். நகரத்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்ப அது தாராளமாகப் போதும். ஆனால் 61 பேர் ஏறினால் சுமார் நான்கு டன் கூடுகிறது. வண்டியின் எடையில் பாதிக்கு மேல். கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கை நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

டிரைவர் வயதானவர், பேச்சு குறைவு. தனி அறைபோல முன்னால் வலதுபுறம் ஒற்றைக் கேபின், அதற்குத் தனிக் கதவு. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் பயணிகளுக்கும் அவருக்கும் நடுவில் மணி மட்டும்தான். ஒரு முறை அடித்தால் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது. நான்கு அடித்தால் அவசரம். பின்பக்கம் திறந்த பிளாட்ஃபாரத்தில் நிற்கும் கண்டக்டர்தான் மணிக்குச் சொந்தக்காரர். கீழ்த்தளத்தில் கூரையை ஒட்டி நீளமாகக் கயிறு ஓடும். எந்த இருக்கையிலிருந்து எழுந்தாலும் கை எட்டும். குழந்தைகளுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? காட்ஸ்டோன் போய்ச் சேருவதற்குள் எங்கள் வண்டி தேவையே இல்லாமல் இரண்டு நிறுத்தங்களில் நின்றுவிட்டது. நிறுத்தத்தில் காத்திருந்த ஒரு அம்மா, பஸ் பாஸை நீட்டிக்கொண்டு ஏறவே வந்துவிட்டார்.

நடந்தது

9 மணிக்குக் கிளம்பவேண்டிய வண்டி 9:25-க்குத்தான் நகர்ந்தது. வண்டி மேல் பழி போட முடியாது. பஸ் வந்ததும் யாரும் ஏறவில்லை, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். முட்டி வலி உள்ள இரண்டு பெரியவர்களைப் பின்படியில் ஏற்றி உட்காரவைக்கவே நேரம் பிடித்தது. பிளாட்ஃபாரத்தில் பிடித்துக்கொள்ள நடுவில் வெள்ளைக் கம்பம் இருக்கிறது, ஆனால் தாழ்தளப் பஸ்ஸுக்குப் பழகிய காலுக்கு அந்தப் படி உயரம். சக்கர நாற்காலி ஏற வழியே இல்லை. இதை முன்கூட்டியே ஒரு குடும்பத்திடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர்கள் காரில் பின்னால் வந்தார்கள்.

போகும் வழி, அலைபேசி வரைபடத்தின் கணக்கில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான் பெருந்தன்மையோடு இருபது நிமிடம் கூட்டி வைத்திருந்தேன். வரைபடம் கார் ஓட்டுகிறது. ரூட்மாஸ்டர் மணிக்கு நாற்பது மைலைத் தொட்டாலே பெரிது, அதுவும் சமதளத்தில். காட்ஸ்டோன் இறக்கத்தில் டிரைவர் கியரைக் குறைத்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். பின்னால் கார்களின் வால் நீண்டது. மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு அது ஊர்வலம் மாதிரி இருந்தது. கை அசைத்துக்கொண்டே வந்தார்கள்.

ஃபெல்பிரிட்ஜ் சந்திப்பில் வரிசை. அந்தப் பக்கம் கார் ஓட்டும் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என்ஜின் முனகல் மாறி, வண்டி சற்றுத் தளர்ந்து அமர்வது கீழே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. டிரைவர் நியூட்ரலுக்குப் போகிறார். இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. அதற்குப் பதில், எண்ணெய் நிரப்பிய உறைக்குள் எதிரெதிராக இரண்டு கிண்ணங்கள். என்ஜின் ஒன்றைச் சுழற்றும், வீசி எறியப்படும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். கியரில் வைத்தபடி பிரேக்கைப் பிடித்து நின்றால் அந்த எண்ணெய் சும்மா கடையப்பட்டுச் சூடேறும். விவரம் தெரிந்த டிரைவர் அதனால் நிற்கும்போதெல்லாம் நியூட்ரல் போடுவார். இதைச் சொல்லக் காரணம், பின்னால் சிலர் பழியை டிரைவர் மேல் போடப் பார்த்தார்கள். அவர் செய்தது எல்லாம் சரி.

வரிசை இருபது நிமிடத்துக்கு மேல் தின்றது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊருக்குள் நுழைந்தபோது நான் முன்னால் ஓடி, வழியில் நின்ற ஒரு கணத்தில் கேபின் கண்ணாடியைத் தட்டி, அலைபேசியில் தெரிந்த ஒரு குறுக்குச் சாலையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

"அந்த வழியில் டபுள் டெக்கர் ஓடுகிறதா?"

"தெரியவில்லை."

"ஓடாவிட்டால் மரம் வளர்ந்திருக்கும். பாலத்துக்காவது பலகை வைத்திருப்பார்கள். மரத்துக்கு யார் வைப்பது?"

அவ்வளவுதான் பேச்சு. பிரிட்டனில் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைவான பாலங்களுக்கு உயரப் பலகை இருக்கும். ரூட்மாஸ்டரின் உயரம் சுமார் 14 அடி நாலரை அங்குலம். அது கணக்குப் பார்க்கக்கூடிய விஷயம். கிளை அப்படியில்லை. டபுள் டெக்கர் தினமும் ஓடும் சாலையில் கிளைகளை பஸ்களே உரசி உரசி ஒரு கூடுபோலச் செதுக்கி வைத்திருக்கும். ஓடாத சாலையில் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் பயனில்லை, காரிலிருந்து அந்த உயரம் தெரியாது. மேல்தள முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டி உட்கார்ந்திருப்பது எப்போதும் குழந்தைகள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாரஸ்ட் ரோவைத் தாண்டியதும் ஏ22 ஆஷ்டவுன் காட்டுக்குள் ஏறத் தொடங்குகிறது. விச் கிராஸ் சந்திப்பு வரை ஏற்றம். வண்டி மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் போனது, அப்புறம் இரண்டாவதில் ஊர்ந்தது. கீழ்த்தளத்தில் முதலில் வந்தது ஒரு வாசனை. இனிப்பாக, பாகு காய்ச்சுகிற மாதிரி. ரேடியேட்டரில் கலக்கும் உறைதடுப்பு திரவம் சூடாகிக் கசிந்தால் வரும் வாசனை அது என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரோ மிட்டாய் பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் மேல்தளத்திலிருந்து பெரிய ஆரவாரம். முன்கண்ணாடியை மறைத்து வெள்ளை ஆவி எழும்பியிருந்தது. நீராவி ரயில் வந்துவிட்டது என்று குழந்தைகள் கைதட்டினார்கள்.

டிரைவர் புல் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். மணி 10:55. ரயில் 11:15-க்கு.

அந்த முக்கால் மணி நேரம்

அவர் செய்ததை வரிசையாகக் கவனித்தேன். என்ஜினை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டார். நீர் சுற்றிக்கொண்டிருந்தால்தான் உள்ளே ஒரே இடத்தில் சூடு தேங்காது. அப்புறம் அணைத்தார். மூடியைத் தொடவில்லை. யாரோ "திறந்து பாருங்களேன்" என்றதற்கு முறைத்தார். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் வரும். அதேபோல், கொதித்த என்ஜினில் குளிர்ந்த நீரை மொத்தமாகக் கொட்டினால் இரும்பு விரிசல் விடும். அரை மணி நேரம் ஆறவேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக.

வண்டியில் ஒரே ஒரு தண்ணீர் கேன் இருந்தது. பத்து லிட்டர் இருக்கும். அது போதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கள் குழுவில் இன்றும் பேசுகிறார்கள். கண்டக்டர் பிளாட்ஃபாரத்தில் நின்று, "குடிக்கிற தண்ணீர் வைத்திருப்பவர்கள் தரமுடியுமா?" என்று கேட்டார். வரிசையாக பாட்டில்கள் இறங்கின. அரை லிட்டர், முக்கால் லிட்டர், டைனோசர் படம் போட்ட குழந்தை பாட்டில் ஒன்று. ஒவ்வொன்றாகக் கைமாறி முன்னால் போய்ச் சேர்ந்தன. டிரைவர் ஒரு புனலை வைத்து நிதானமாக ஊற்றினார். ஒவ்வொரு பாட்டிலையும் காலி செய்து, மூடியைத் திருகி, கொடுத்த கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டைனோசர் பாட்டிலின் சொந்தக்காரன் தன் முறை வரும்வரை நகரவே இல்லை.

மீதி ஏற்றத்துக்கு மேல்தளத்தில் இருந்தவர்களில் பாதிப்பேரை இறக்கி, பின்னால் காரில் வந்த குடும்பம் பல நடையாக விச் கிராஸில் கொண்டு சேர்த்தது. அங்கே அவர்களை மறுபடி ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஷெஃபீல்ட் பார்க் சேர்ந்தபோது மதியம் 12:20. ரயில்வே ஊழியர்கள் பொறுமையாக அடுத்தடுத்த இரண்டு ரயில்களில் எங்களைப் பிரித்து ஏற்றினார்கள். எல்லோரும் ஒரே ரயிலில் போவது என்ற திட்டம் அதோடு போயிற்று.

ஏன் நின்றது

முதல் பதில் பஸ் வைத்திருந்தவர்களிடமிருந்து மூன்று வாரத்தில் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்ததில், கீழ்ப்பகுதிக் குழாய்களில் பல துருச்சேறு படிந்து அடைத்திருந்தனவாம். உட்பகுதியை முழுதாக மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். நேர்மையான பதில். ஆனால் அதில் நான் நின்றது இன்னொரு வரியில்: அந்தப் பருவத்தில் அந்த வண்டி ஓடியது முழுக்கத் திருமணங்கள்.

இங்கேதான் ரிப்பன் வருகிறது. படிவம் கேட்டது, திருமண வண்டியின் முகப்பில் கட்டும் ரிப்பனை. வாடகை ரூட்மாஸ்டருக்குப் பிழைப்பே திருமணம்தான். தேவாலயத்திலிருந்து விருந்து மண்டபம், மூன்று நான்கு மைல், பெரும்பாலும் சமதளம். நடுவில் படம் எடுக்க ஒரு மணி நேரம் என்ஜினை அணைத்து நிற்பது. பாதி அடைத்த ரேடியேட்டர் இப்படியே பல வருடம் ஒரு குறையும் காட்டாமல் ஓடும். கொதிக்கும் அளவுக்கு அதை யாருமே வேலை வாங்குவதில்லையே. "போன வாரம்கூட ஓடிய வண்டி" என்பது உண்மைதான். எப்படி ஓடியது என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

சரி, அப்படியானால் இந்த வகை வண்டிக்கே அந்த ஏற்றம் முடியாதா? அப்படிச் சொல்ல முடியாது. 1960களில் லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் பச்சை நிற ரூட்மாஸ்டர்கள், இதைவிட நீளமான 72 இருக்கை வண்டிகள், 409-ஆம் தடத்தில் கிராய்டனிலிருந்து காட்ஸ்டோன் மேட்டைத் தாண்டி ஈஸ்ட் கிரின்ஸ்டெட், ஃபாரஸ்ட் ரோ என்று ஓடியவை. பெரும்பாலும் நாங்கள் போன சாலைதான். எங்கள் பஸ் சரியாக அந்தத் தடம் முடியும் ஊரைத் தாண்டித்தான் மூச்சு வாங்கியது என்பது தற்செயல். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. அன்றைய வண்டிக்குப் பின்னால் காட்ஸ்டோனில் ஒரு பணிமனை இருந்தது. இரவில் தண்ணீர் பார்க்க ஆள் இருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஆல்டன்ஹாம் பெரும்பட்டறைக்குப் போனால் உடலைத் தனியே தூக்கி, எல்லாவற்றையும் பிரித்துப் புதுக்கி அனுப்பினார்கள். ஆல்டன்ஹாம் 1986-இல் மூடப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பஸ் என்றால் வண்டியை மட்டும் பாதுகாத்திருக்கிறார்கள். அதன் பின்னால் இருந்த பட்டாளத்தை யாராலும் பாதுகாக்க முடியாது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், அடைத்த ரேடியேட்டர் எங்களுக்குச் செய்த கெடுதல் சின்னது. காட்டு ஓரத்தில், நல்ல வெயிலில், 61 பேர் முக்கால் மணி நேரம் புல்லில் உட்கார்ந்தால் அதுவே ஒரு சுற்றுலாதான். அதைக் கெடுத்தது 11:15 ரயில். நகர்த்த முடியாத ஒரு நேரத்தை, எப்போது வரும் என்று சொல்லமுடியாத ஒரு வண்டியோடு முடிச்சுப் போட்டது நான். நிகழ்ச்சி நிரலை முதலில் எழுதி, சொகுசு கோச்சுக்கு வைக்கும் கட்டத்தில் பழைய பஸ்ஸைத் தூக்கி வைத்தேன். தவறு அங்கேதான்.

இதில் மிக எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. புளூபெல் ரயில்வே 1960-இல் ஷெஃபீல்ட் பார்க்கில் தொடங்கியது. 1994-இல் கிங்ஸ்கோட் வரை நீண்டது, 2013 மார்ச்சில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டைத் தொட்டது. பதினோரு மைல் பாதையின் வடமுனை அந்த ஊர்தான். அதாவது அன்று காலை 10:35 வாக்கில், கையில் டிக்கெட்டோடு, நாங்கள் போய்ச்சேர ஏங்கிக்கொண்டிருந்த அதே ரயில்வேயின் மறுமுனை நிலையம் இருக்கும் ஊருக்குள்தான் நகர்ந்துகொண்டிருந்தோம். அங்கேயே எல்லோரும் ரயில் ஏறியிருந்தால் காடு, ஏற்றம், ஃபாரஸ்ட் ரோ எல்லாவற்றையும் ரயில் பார்த்துக்கொண்டிருக்கும். பஸ் காலியாக, நான்கு டன் குறைவாக, மெதுவாக ஏறிவந்து மறுமுனையில் காத்திருக்கும். நான் வரைபடத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட இது கண்ணில் படவில்லை.

காகித வேலை

பஸ் எடுப்பதற்கு முன் அதிகம் கவலைப்பட்டது இதற்குத்தான். கடைசியில் குறை இல்லாமல் நடந்ததும் இதுதான். ஆகவே சுருக்கமாக.

பிரிட்டனில் 30 வயதைத் தாண்டிய பஸ்ஸை, 21 வயதான சாதாரணக் கார் உரிமக்காரர்கூட ஓட்டலாம். ஆனால் எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது, வாடகையும் வாங்கக்கூடாது. சொந்தமாகப் பழைய பஸ் வைத்திருக்கும் நண்பர் "வாங்க, சும்மா கூட்டிப் போகிறேன், டீசலுக்கு மட்டும் கொடுங்கள்" என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டீசலுக்கு வாங்கினாலும் சட்டம் அதை வாடகையாகப் பார்க்க இடமுண்டு. 61 பேரோடு போவதென்றால் பயணிகள் வாகனம் ஓட்டும் உரிமம் உள்ள டிரைவர், வாகனம் இயக்குபவரின் உரிமம், அந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடு எல்லாம் வேண்டும்.

டயரையும் கேளுங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் பஸ்களின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் கூடாது. 40 வயதான பழைய வண்டிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் வியாபாரத்துக்கு ஓட்டாதவரைதான். பழைய பஸ்கள் ஓடும் தூரம் குறைவு என்பதால் பூவேலை தேயாமலே டயர் கிழடாகிவிடும். பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். பக்கச் சுவரில் வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் அச்சிட்டிருக்கும், குனிந்து பார்க்க அரை நிமிடம். நாங்கள் பார்த்தோம், சரியாக இருந்தது.

இருக்கை பெல்ட் கிடையாது. பின்னால் கதவு கிடையாது. பிளாட்ஃபாரத்தில் குழந்தைகள் நிற்கக்கூடாது என்று கண்டக்டர் கிளம்பும்போது ஒரே ஒரு முறை சொன்னார், சொன்ன தொனியில் பெரியவர்களும் உள்ளே நகர்ந்துவிட்டார்கள்.

ஒப்பிட ஒரு வெற்றி

பழைய பஸ்களை நம்பி ஒரு நாளை வெற்றிகரமாக நடத்துவது எப்படி என்று பார்க்க சாலிஸ்பரி சமவெளிக்குப் போகவேண்டும். அங்கே இம்பர் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில், ராணுவப் பயிற்சிக்காக ஊர்மக்கள் மொத்தப்பேரையும் வெளியேற்றினார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம் மட்டும் பழுது பார்க்கப்பட்டு நிற்கிறது. சாலை இன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில். வருடத்தில் சில நாட்கள்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 2009 முதல், அப்படி ஒரு நாளில், வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து அந்த ஆளில்லா ஊருக்கு ரூட்மாஸ்டர்கள் ஓடுகின்றன. லண்டன் போக்குவரத்தில் தலைமைப் பொறுப்புகள் வகித்த பீட்டர் ஹெண்டி, லியோன் டேனியல்ஸ் போன்றவர்கள் தொடங்கிவைத்த விளையாட்டு அது. விளையாட்டு என்றாலும் முறைப்படி 23ஏ என்று பதிவு செய்த பஸ் தடம். மிஞ்சும் பணம் தேவாலயத்துக்கும் அறப்பணிக்கும் போகிறது.

அந்த ஏற்பாட்டை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அங்கேயும் வண்டிகள் கிழடுதான். ஏற்ற இறக்கமும் உண்டு. ஆனால் யாரும் ஒரு குறிப்பிட்ட பஸ்ஸில் ஏற முன்பதிவு செய்வதில்லை. நாள் டிக்கெட் எடுத்தால் எதிலும் ஏறலாம், எங்கும் இறங்கலாம். இருபதுக்கு மேல் வண்டிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். ஒன்று ஆவி விட்டு ஒதுங்கினால், பயணிக்கு அது படம் எடுக்கக் கிடைத்த வாய்ப்பு. பின்னால் வருவதில் ஏறிக்கொள்வார். பழைய பணிமனை செய்த வேலையை அங்கே எண்ணிக்கை செய்கிறது.

எங்களைப் போன்ற சிறு குழுவால் இருபது பஸ் எடுக்க முடியாது. ஒன்றுதான் முடியும். அப்படியானால் தளர்வு நேரத்தில்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது முறை

அடுத்த வருடம் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். கோச்சா, பழைய பஸ்ஸா? நான் கோச்சுக்கு வாக்களித்தேன். தோற்றேன்.

அதே வண்டி, அதே டிரைவர். இந்த முறை நான் படிவத்தை நிரப்பவில்லை, நேரில் போனேன். கடைசியாக முழுப் பயணிகளோடு, நிற்காமல், இருபது மைலுக்கு மேல் ஓடியது எப்போது என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன், முதல் தடவையாக முழு வாக்கியங்களில் பேசினார். புது ரேடியேட்டர் போட்ட பிறகு மணல் மூட்டை ஏற்றி காட்ஸ்டோன் மேட்டில் இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தாராம். எந்த மேட்டில் எந்தக் கியர் என்று சொல்லிக்கொண்டே போனார், எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஏறும் நேரம் 9 என்று எல்லோருக்கும் சொல்லி, கிளம்பும் நேரம் 9:30 என்று டிரைவருக்கு மட்டும் சொன்னேன். இடைப்பட்ட அரை மணி படம் எடுக்க. வரைபடக் கணக்கை இரண்டால் பெருக்கினேன். ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் எல்லோரும் இறங்கி ரயில் ஏறினோம். குறிப்பிட்ட ரயிலுக்கு முன்பதிவு இல்லை. முற்பகலில் எது வருகிறதோ அது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நகரும் முன்பே குழந்தைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, பஸ் தனியாகக் காட்டுக்குப் போய்விட்டதே, வருமா வராதா என்று பந்தயம் கட்டினார்கள். ஷெஃபீல்ட் பார்க்கில் இறங்கியபோது அது எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. டிரைவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. பின்பக்கம் திறந்த வண்டியில் மழை எப்படி வரும் என்று நான் யோசித்ததே இல்லை. ஓடும்போது பின்னாலிருந்து சுழன்று உள்ளே வருகிறது. கடைசி இரண்டு இருக்கைகள் நனைந்தன, மேல்தளக் கண்ணாடிகள் மூச்சுக்காற்றில் மூடிக்கொண்டன, ஒரு காட்சியும் தெரியவில்லை. நாலு பழைய துண்டுகள் எடுத்துப் போயிருக்கலாம்.

திரும்பும்போது முழுச் சுமையோடு காட்ஸ்டோன் மேடு. அரட்டை தானாக அடங்கியது. இரண்டாவது கியருக்கு மாறிய சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நானும். டீசலும் ஈரத் துணியும் தவிர வேறு வாசனை இல்லை. மேட்டின் தலை வந்ததும் வண்டி மூன்றாவதுக்கு மாறியது. மேலே இருந்து ஒரு சின்னக் குரல், நிஜமான ஏமாற்றத்தோடு, "ஆவி வரலையா?" என்றது.

பர்லியில் இறங்கும்போது கடைசி பிரேக்கில்தான் அது உருண்டு வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் இருக்கைகளுக்கு அடியிலிருந்து வரிசையாக. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், மூடி திறக்காதவை. கொண்டுவரச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லை. கண்டக்டர் பிளாட்ஃபாரத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிமிர்த்தி வைத்தார். இருபத்தாறு இருந்தன.